தண்ணித் தொட்டிக்குக் குடிபோன குரல்

மாசானத்தின் தலைக்குள் பல வருஷமாகக் குடியிருந்த குரல், ஆனி மாசத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த காலை வேளையில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் அவனை விட்டு இறங்கி, தெருமுக்கில் மோட்டார் எரிந்துபோய்க் காலியாகக் கிடந்த பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது எப்படி நடக்கும் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருங்கள், உங்களுக்கு வேறு வேலை இல்லை. அந்தத் தெருவில் ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அது யார் பக்கம், எதிர்த்த வீட்டைப் பற்றி என்ன சொன்னது, நம்மைப் பற்றி ஏதாவது வாயைத் திறந்ததா, இவ்வளவுதான்.

தாமிரபரணிக் கால்வாய் ஓரமாக இருக்கிற ஊர் அது, வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறவர்கள். பெண்கள் மடியில் சுளகு முறத்தை வைத்து, இலையில் புகையிலைத் தூளைப் பரத்தி, விரல் நுனியில் உருட்டி நூல் போட்டுக்கொண்டே ஊர் உலகத்தைப் பேசித் தீர்ப்பார்கள். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், கண் மட்டும் எப்போதும் தெருவில். மாசானத்துக்குச் சுற்ற வராது, மாத்திரை சாப்பிடுவதால் விரலில் லேசான நடுக்கம். ஆகவே ஈரச்சாக்கில் பொதிந்த இலையை எடுத்து அளவுத் தகடு வைத்து அவன் வெட்டிப்போடுவான், அக்கா முப்புடாதி சுற்றுவாள். அம்மா செத்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்ள நாலு நாள் தங்கலாம் என்று வந்தவள் அவள். புருஷன் கூப்பிட வரவில்லை, அவளும் போகவில்லை, தம்பிக்கு முப்பத்தைந்து வயசாகிவிட்டது.

அன்றைக்கு வாசல்படியில் உட்கார்ந்து அவன் இலை வெட்டிக்கொண்டிருந்தபோது, கவனிச்சியா என்றது குரல். அது எப்போதும் அப்படித்தான் ஆரம்பிக்கும். சௌக்கியமா கிடையாது, சாப்பிட்டியா கிடையாது, எடுத்த எடுப்பில் கவனிச்சியாதான். அவனும் வழக்கம்போல, போ போ, உனக்குச் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் நேரம் ஒதுக்கியிருக்கேன், அப்போ வா என்று மனசுக்குள் விரட்டிவிட்டு அடுத்த இலையை எடுத்தான், எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. குரல் இடது காதுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. தெருமுக்கிலிருந்து வந்தது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று, சத்தம் கேட்டால் சத்தத்தைத் தேடாதே, பக்கத்தில் இருப்பவர்களின் தலையைப் பார் என்பது. நிஜமான சத்தம் என்றால் ஒரு தலையாவது திரும்பும். மாசானம் பார்த்தான். எதிர்வீட்டு சங்கரவடிவின் நாய் காதைத் தூக்கியது. அப்புறம் சங்கரவடிவே சுளகில் வைத்த கையை எடுக்காமல் தெருமுக்கைப் பார்த்துத் திரும்பினாள். அவன் வெட்டின இலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்கு ஓடினான்.

"யக்கா, இது உள்ளயா, வெளியவா?"

இந்தக் கேள்வி அந்த வீட்டில் உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகப் புழங்குகிற கேள்வி. கதவு தட்டுகிற சத்தமோ, யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடுவதோ, எதுவானாலும் அவன் கேட்பான், அவள் காது கொடுத்துவிட்டு உள்ள என்பாள், அல்லது வெளிய என்பாள், வேறு பேச்சு இருக்காது. வெளிய என்றால் நிஜம், போய்ப் பார்க்கலாம். உள்ள என்றால் அது பாட்டுக்குக் கிடக்கட்டும், நீ உன் வேலையைப் பார். அந்த ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நடமாடிக்கொண்டிருந்தான். அதிலே மட்டும் அவள் பொய் சொன்னது கிடையாது.

முப்புடாதி அகப்பையும் கையுமாக வாசலுக்கு வந்தாள். தொட்டி இப்போது தெருவையே பார்த்து, கவனிச்சியளா, கவனிச்சியளா என்றது. கனத்த ஆண் குரல், ரொம்ப அக்கறையான குரல், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்கிற மாதிரி ஒரு இழுவை. தம்பி வருஷக்கணக்கில் எதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் என்பதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன் காதால் கேட்டாள். கேட்டதும் முகம் செத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிய," என்றாள். அப்புறம், "இதையா இம்புட்டு வருசமாத் தலைக்குள்ள வச்சிக்கிட்டு இருந்தே?" என்று அழுதாள்.

அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, சொல்லாமல் என்ன. சனியன் ஒழிந்தது என்று அன்றைக்குப் பாயசம் வைத்தாள். மாசானத்துக்குத்தான் பாயசம் இறங்கவில்லை. குரல் போன இடம் தலைக்குள் காலி வீடு மாதிரி கிடந்தது, அந்த அமைதியை அவன் துளிகூட நம்பவில்லை. இத்தனை நாள் இருந்தவன் சும்மா போவானா, எதற்குப் போனான், யார் கூப்பிட்டுப் போனான், போனவன் எதை எடுத்துக்கொண்டு போனான்? பேசுகிற எதிரியையாவது எங்கே இருக்கிறான் என்று தெரியும், பேசாதவனை எங்கே போய்த் தேடுவது? காதில் விரலை விட்டு விட்டுப் பார்த்தான். ஒன்றும் கேட்காததே பெரிய சந்தேகமாகிவிட்டது.

தெருக்காரர்கள் முதலில் யாரோ செல்போனை உள்ளே போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். பீடிக் கடையில் இலையும் தூளும் நிறுத்துப் போடுகிற பூலுடையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி மேல் ஏறி மூடியைத் திறந்து பார்த்தார். காய்ந்த பாசியும் ஒரு செத்த பல்லியும்தான் கிடந்தன. அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "இவனை மேல ஏத்தி விட்டது யாரு, கவனிச்சியளா?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டது குரல். பூலுடையார் இறங்கின வேகத்தில் முட்டி சிராய்த்துக்கொண்டார், அதோடு செல்போன் பேச்சு முடிந்தது.

உடம்பில்லாமல் பேசுகிறது, மேலேயிருந்து பேசுகிறது, அப்படியானால் அது என்னவாக இருக்கும் என்பதில் அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் குழப்பமே கிடையாது. வெள்ளிக்கு வெள்ளி கோயிலில் சாமியாடியிடம் குறி கேட்டுப் பழகின ஜனம். தொட்டிக்கும் ஒரு முழம் பூ ஏறியது, வெற்றிலை பாக்கு வைத்தார்கள், புதுசாகச் சுற்றின பீடியில் ஒரு கட்டைப் பிரித்து வைத்தார்கள், மரியாதையாகத் தொட்டி அண்ணாச்சி என்று பேரும் வைத்தார்கள். குறி கேட்பதில் அங்கே ஒரு முறை உண்டு: வாக்கு விழுந்துவிட்டால் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும், எப்படி, எப்போ, யார் பார்த்தது என்று திருப்பிக் கேட்கக் கூடாது. திருப்பிக் கேட்டால் சாமிக்குக் கோபம் வரும், வாக்கு பலிக்காது. அந்த ஒரு முறையைத் தொட்டிக்கும் கடைப்பிடித்தார்கள் பாருங்கள், அங்கே விழுந்தது அவர்கள் தலையில் மண்.

ஏனென்றால் குரல் எதையும் முழுசாகச் சொல்லாது. முதலில் ஊரறிந்த நிஜம் ஒன்றைச் சொல்லும், அப்புறம் அதன் வாலில் ஒரு கேள்வியைக் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பூலுடையார் நிறுக்கும்போது தராசுக்கு அடியில் கை போகிறதே, எதுக்கு? சங்கரவடிவு வீட்டுச் சன்னல் எப்பவும் கால்வாசி திறந்தே கிடக்கிறதே, யாரைப் பார்க்க? பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வருகிறதே, கிண்ணம் திரும்பிப் போகும்போது கழுவிக் கொடுக்கிறியளா, கழுவாமல் கொடுக்கிறியளா? நிறுத்து வாங்கி வந்த இலையை வீட்டில் திரும்ப நிறுத்துப் பார்த்தார்கள். சன்னல்களில் பழைய சேலை தொங்கியது. கிண்ணம் போய்வருவது நின்றது. வீட்டுக்கொரு கிணற்றுக் கயிறு ஆனது, இலைக்கட்டில் ஆளுக்கொரு தினுசாக முடிச்சுப் போட்டார்கள், வாசல் பெருக்குகிற விளக்குமாற்றைக்கூட உள்ளே வைத்துப் பூட்டின வீடு உண்டு. பீடி சுற்றுகிற பெண்கள் எல்லோரும் இப்போது தொட்டிக்கு அடியில்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் யாரும் யாருக்கும் முதுகைக் காட்டாமல் வட்டமாக உட்கார்ந்தார்கள். பேச்சு செத்துப்போனது. எல்லார் வீட்டிலும் ராத்திரி விளக்கு எரிந்தது, காலையில் எல்லார் கண்ணும் சிவந்திருந்தது.

மாசானத்துக்குத் தெரிந்த கண் அது. கண்ணாடியில் பார்த்த கண்.

அதைவிட மோசமான ஒன்றும் அவனுக்குப் பிடிபட்டது. தொட்டி சொல்கிற ஒவ்வொன்றும் அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அம்மா செத்த வருஷத்தில், சங்கரவடிவு அந்தச் சன்னல் வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறாள் என்று பயந்து குளிக்காமல் கிடந்தவன் அவன்தான். பூலுடையார் தராசுக்கு அடியில் மனுஷன் நினைப்பை நிறுக்கிற மிஷின் ஒன்று இருக்கிறது என்று நம்பிக் கடைப்பக்கமே போகாமல் இருந்தவனும் அவன்தான். மிஷின் என்றால் தெரு சிரிக்கும் என்று குரலுக்குத் தெரியும், ஆகையால் மிஷினை விட்டுவிட்டு வெறும் கையை மட்டும் சொன்னது. அதற்கென்று சொந்தமாக ஒரு சரக்கும் கிடையாது, அவன் பயந்ததையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்த் தெருவுக்கு விநியோகம் பண்ணிக்கொண்டிருந்தது. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சங்கரவடிவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். அந்தத் தெருவில் பெரிய வாயும் பெரிய மனசும் அவளுக்குத்தான்; அவன் படுக்கையில் கிடந்த காலத்திலும் காலையில் ஒரு தம்ளர் காப்பியை அவனுக்கென்று எடுத்துவைக்கத் தவறாதவள். அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையைத் தடவி, நீ போய் மாத்திரையைப் போட்டுட்டுப் படு யய்யா, உனக்கு ஒடம்பு சரியில்ல என்று அனுப்பிவைத்தாள். நாலு பேருக்குக் கேட்கிற குரலை நம்பாதே என்று சொல்கிறவன்தானே பைத்தியம். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

முப்புடாதி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குரல் எங்கே குடியிருந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க, நல்லா இருக்கோம்னு தோணும்போதுதான் நிறுத்தத் தோணும் என்றாராம். அப்புறம், தெருவுல எல்லாரும் ஒழுங்காத் தூங்குதாங்களா என்று கேட்டாராம். யாரும் தூங்கவில்லை என்றதும், முதல்ல அதுக்கு வழி பாருங்க, தூங்காத ஆளுக்குச் சுவர்கூடப் பேசும் என்றாராம். சனிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் இந்த மாதிரிக் குடும்பங்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற வழக்கம் உண்டு, முப்புடாதி தவறாமல் போவாள். உங்க தெருவையே கூட்டிக்கிட்டு வாங்களேன் என்றும் சொன்னாராம். கூப்பிட்டால் யார் வருவார்கள்?

போன் பேசின வாரத்திலேயே குரல் முப்புடாதியைப் பிடித்தது.

"வெள்ளையா ஒண்ணை அரைச்சுக் கஞ்சியில போட்டாளே முப்புடாதி, கவனிச்சியளா? தம்பி போயிட்டா அந்த வீடு யாருக்கு?"

இதில் முதல் பாதி நிஜம். நோய் முற்றிக் கிடந்த காலத்தில் மாத்திரையைக் கையில் கொடுத்தால் துப்பிவிடுகிறான் என்று, சித்தப்பா வைகுண்டத்தின் யோசனைப்படி, அவனுக்குத் தெரியாமல் கஞ்சியில் பொடித்துப் போட்டாள் அவள். சட்டியின் அடியில் வெள்ளைப் பொடியைப் பார்த்தவன், நினைத்தது நிஜமாகிவிட்டது என்று அலறி, அதன் பிறகு வீட்டில் உரிக்காத வாழைப்பழத்தையும் ஓடு உடைக்காத முட்டையையும் தவிர எதையும் தொடவில்லை. கடைசியில் அவளே எதிரில் உட்கார்ந்து, போட்டேன், இன்ன மாத்திரை, இன்னாருடைய யோசனை, இனிமேல் உனக்குத் தெரியாமல் ஒரு உப்புக்கல்கூடப் போட மாட்டேன் என்று உடைத்துச் சொன்னாள். அன்றிலிருந்து மாத்திரையை அவனே உறையிலிருந்து பிதுக்கி எடுத்து அவனே விழுங்குகிறான். ஆனால் தெருவுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? வாக்கு விழுந்துவிட்டது, திருப்பிக் கேட்கக் கூடாது.

மறுநாள் பூலுடையார் அவளுக்கு இலை போடவில்லை. கண்ணைப் பார்க்காமல், சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவளுக்கு நிறுத்தார். கிணற்றடியில் அவள் வாளியை வைத்ததும் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சங்கரவடிவு முன்னால் நின்று, கெட்டெண்ணம் இல்லை, மாசானத்தின் மேல் இருந்த பாசத்தால்தான், சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினாள். பெரியவர்கள் கூடி முடிவு பண்ணினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பா ஆட்டோவோடு வந்து பையனைக் கூட்டிப் போவது, அந்த விஷ மாத்திரைகளை வாங்கிக் கால்வாயில் எறிவது, வடக்கே ஒரு கோயில் இருக்கிறது, அங்கே ஒரு மண்டலம் கட்டிப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும். மாசானத்தைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் முப்புடாதி அவனுக்குக் கஞ்சி ஊற்றி வைத்தாள். அவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை, அதுதான் வினை. இத்தனை வருஷமும் வெளியே கேட்டால் நிஜம், உள்ளே கேட்டால் பொய் என்று அக்காதான் அவனுக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். இப்போது வெளியே கேட்கிறது, அவளே வெளிய என்று சொல்லியிருக்கிறாள், தெருவே கேட்கிறது, நாய்கூடக் கேட்கிறது. அப்படியானால் கஞ்சியில் இருக்கிறதா? அவன் கை கிண்ணத்துக்குப் போகவில்லை.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். தெரு முழுக்க ஒதுக்கியபோது வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"நீயுமா?" என்றாள். "ஒண்ணும் போடல. அதுக்கு மேல சத்தியம் பண்ணத் தெம்பில்ல எனக்கு. நம்புனா நம்பு, நம்பாட்டாப் போ."

கஞ்சி ஆறிப் போயிற்று. அவன் சாப்பிடாமலே எழுந்து வெளியே போனான். சாயங்காலம் வரைக்கும் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து உள்ள, வெளிய என்கிற அந்த இரண்டு வார்த்தையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அக்கா வெளிய என்றபோது என்ன சொன்னாள்? சத்தம் வெளியேயிருந்து வருகிறது என்றுதான் சொன்னாள். அந்தச் சத்தம் சொல்வது நிஜம் என்று அவள் எப்போது சொன்னாள்? சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத்தான் அந்தக் கேள்வி உதவும், சொன்னது சரியா தப்பா என்பதை அவனே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இது தெரிந்ததும் பயம் தெளிந்துவிடவில்லை. பயம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. சித்தப்பா வைகுண்டம் வெள்ளை வேட்டியோடு இறங்கினார். தெரு மொத்தமும் கூடியிருந்தது, பூ புதுசாகப் போட்டிருந்தது. முப்புடாதி வீட்டு வாசலைத் தாண்டவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அடுத்த வாரத்துச் சோறும் போய்விட்டது, தம்பியும் போகப்போகிறான். மாசானம் யாரும் கூப்பிடாமலே நடந்து வந்து தொட்டிக்கு அடியில் நின்றான். நல்ல பிள்ளை, தானாகவே வந்துவிட்டான் என்றார் சித்தப்பா.

மாசானம் அவரைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துச் சொன்னான், இப்போ அண்ணாச்சி இந்த ஆட்டோவைப் பத்திப் பேசுவாரு, முந்தியே இதே ஆட்டோ இந்தப் பக்கம் வந்து போச்சும்பாரு.

"இந்த ஆட்டோ முந்தி ஒரு நாள் இங்க வந்து போச்சே, கவனிச்சியளா?" என்றது தொட்டி.

ஜனம் தொட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. அடுத்து சித்தப்பா பை, உள்ள என்ன இருக்குன்னு கேக்கும் என்றான் மாசானம். பையில என்ன, கவனிச்சியளா என்றது தொட்டி. சித்தப்பா பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவன் நிறுத்தவில்லை, இலைக்கட்டு முடிச்சு என்றான், தொட்டி முடிச்சு என்றது, தபால்காரர் சைக்கிள் என்றான், தொட்டி சைக்கிள் என்றது, பள்ளிக்கூடத்துப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அவன் முன்னாலும் அது பின்னாலுமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். எல்லாம் நான் பயந்தது, வேறொண்ணும் இதுக்குத் தெரியாது என்றான். கடைசியாக, சங்கரவடிவு அக்கா வீட்டுக் காப்பி என்றான், அப்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"காப்பியில ஒரு கசப்பு இருந்துதே, கவனிச்சியளா?" என்றது தொட்டி.

"யாரு குடிச்சா? என்னைக்கு? கசப்பை யாரு பாத்தா?" என்று திருப்பிக் கேட்டான் மாசானம்.

அந்தத் தெருவில் யாரும் செய்யத் துணியாத காரியம் அது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் தொட்டி இடிந்து விழும் என்று காத்திருந்தார்கள். தொட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதில் இருந்தால்தானே சொல்லும்.

சித்தப்பா மெல்ல ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒருத்தருக்கொருத்தர் முகத்தைப் பார்க்கக் கூசியது, பூலுடையார் சிராய்த்த முட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். ஆனால் சங்கரவடிவு நகரவில்லை. அவளுக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஓடி முடிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"அப்போ இம்புட்டு நாளும் என்னப் பத்தி இதெல்லாம் நெனச்சது நீதானா? என் கையால குடிச்ச காப்பியில விசம் இருக்குன்னா நெனச்சே?"

அது நோய் நினைத்தது, நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள், எல்லாருக்கும் சுலபமாகப் போயிருக்கும். மாசானத்துக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"ஆமாக்கா. நெனச்சேன். நெனச்சிக்கிட்டேதான் தெனமும் குடிச்சேன்."

  முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சங்கரவடிவு வீட்டுக்குள் போய்விட்டாள், நாயும் பின்னாலேயே போனது. ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். பூலுடையார் போகிற போக்கில், முப்புடாதி காதில் விழும்படி, இலை வந்திருக்கு, சாக்கு எடுத்துட்டு வரச்சொல்லு என்று வேறு யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நீங்களும் நம்ப மாட்டீர்கள். வீட்டில் இலையைத் திரும்ப நிறுத்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சில சன்னலில் சேலை அப்படியேதான் தொங்குகிறது. ஆனால் அன்றைக்குப் பகலில் பல வீடுகளில் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார்கள், தொட்டிக்கு அடியில் ஒருத்தரும் இல்லை. கேட்க ஆளில்லாமல் அது கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது, அப்புறம் அந்தச் சத்தமும் அங்கே இல்லை.

மத்தியானம் முப்புடாதி கஞ்சிச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை லேசாக இடது பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அந்தச் சாய்வு தெரியும். அகப்பையை எடுத்துச் சட்டியில் விட்டாள்.

"திரும்பி வந்துட்டோ?"

"வந்துட்டு."

"என்ன சொல்லுது?"

"கஞ்சியில என்னமோ கெடக்காம்."

அவள் அகப்பையைச் சட்டியில் விட்டபடியே நின்றாள், ஊற்றுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாசானம் கிண்ணத்தை எடுத்து நீட்டினான். 

"அது சொல்லிக்கிட்டு இருக்கட்டும். நீ ஊத்துக்கா, பசிக்குது."